விழுந்த பல்லும் முதல் அரை மணி நேரமும்

1966-இல் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஓவே ஆன்ட்ரியாசென், எரிக் யோர்ட்டிங் ஹான்சென் என்ற இருவர் ஸ்காண்டிநேவியப் பல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் 110 பற்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிபட்டு வேரோடு கழன்று விழுந்து, மறுபடியும் அதே குழிக்குள் வைக்கப்பட்ட பற்கள் அவை. ஒவ்வொரு பல்லும் வாய்க்கு வெளியே எவ்வளவு நேரம் இருந்தது, பிற்பாடு எக்ஸ்ரேயில் அதன் வேர் எப்படித் தெரிந்தது என்ற இரண்டையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரத்துக்குள் திரும்பப் பொருத்தப்பட்டவற்றில் பத்துக்கு ஒன்பது பற்களின் வேர் கரையாமல் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்தவற்றிலோ 95 சதவீதப் பற்களின் வேர் கரைந்திருந்தது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்கிடையே பல் மருத்துவத்தில் இம்ப்ளான்ட் வந்தது, லேசர் வந்தது, முப்பரிமாண ஸ்கேன் வந்தது. இந்தக் கணக்கை மட்டும் எதுவும் மாற்றவில்லை. கழன்று விழுந்த பல்லின் விதி, பெரும்பாலும் பல் மருத்துவர் அதைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுகிறவர் விளையாட்டு ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், தெருவில் போகிறவராக இருக்கலாம். அவர்கள் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று நம்மில் மிகச் சிலருக்கே தெரியும் என்பதால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

முதலில் பல் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். பல்லின் வேர் தாடை எலும்பைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. மருத்துவர்கள் இதைப் பெரியோடான்டல் லிகமென்ட் என்பார்கள். அதன் தடிமன் 0.15 மில்லிமீட்டரிலிருந்து 0.38 மில்லிமீட்டர்வரைதான். கொலாஜன் நார்களின் ஒரு முனை வேரை மூடியிருக்கும் சிமென்டம் என்ற அடுக்கிலும், மறுமுனை குழியின் எலும்புச் சுவரிலும் புதைந்திருக்கும். தூளியில் குழந்தை தொங்குவதுபோலப் பல் இந்த நார்களில் தொங்குகிறது. மெல்லும்போது விழும் அழுத்தத்தை இந்தப் படலம்தான் வாங்கிக்கொள்கிறது. சோற்றில் ஒரு பொடிக்கல் அகப்பட்டாலும் சட்டென்று தெரிகிறதே, அந்த உணர்வும் பெரிதும் இதிலுள்ள நரம்புகள் தருவதுதான்.

இந்தப் படலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் கட்டுரைக்கு அதுவே முக்கியம். எலும்பு ஓயாமல் கரைந்து ஓயாமல் உருவாகிற பொருள். வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் மறுபக்கம். பல்லின் உள்ளடுக்கான டென்டைனும் எலும்பைப் போலவே கால்சியமும் கொலாஜனும் கலந்தது. ஆனால் அதைக் கரைத்துக் கட்டும் வேலை உடலில் நடப்பதில்லை. கரைக்கும் செல்கள் வேரை நெருங்காமல் தடுப்பது உயிருள்ள நார்ப்படலமும் அதையொட்டி சிமென்டத்தின் மேலிருக்கும் செல்களும்தான். இந்தக் காவல் செத்துவிட்டால், எலும்புக்கும் வேருக்கும் வித்தியாசம் பார்க்க உடலுக்கு வழியில்லை.

பல் கழன்று விழும்போது இந்தப் படலம் பெரும்பாலும் நடுவாகக் கிழிகிறது. ஒரு பாதி குழிச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். அதற்கு ரத்த ஓட்டம் உண்டு, பிழைத்துக்கொள்ளும். மறுபாதி வேரோடு சேர்ந்து மண்ணில் கிடக்கும். கண்ணுக்குச் சற்றே சிவந்த ஈரப் பூச்சாகத் தெரியும் அந்தப் பாதியில் லட்சக்கணக்கான செல்கள் உயிரோடு இருக்கின்றன. அவை காய்ந்தால் சாகும். மறுநடவு என்பது அந்தப் பாதியைக் காப்பாற்றும் வேலை. பல்லின் வெள்ளைப் பகுதிக்கு எதுவும் ஆகிவிடாது. அது நாள்கணக்கில் மேசையில் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் காய்ந்துபோன பல்லைப் பார்க்கும் கண்ணுக்கு அது நல்ல பல்லாகவே தெரிகிறது.

பல்லைத் திரும்ப வைக்கலாம் என்பது நேற்று வந்த யோசனை அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோர்டோபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல் சஹ்ராவி, ஆடும் பற்களைப் பொன் கம்பியால் அடுத்த பற்களோடு கட்டும் முறையை எழுதிவைத்தார். விழுந்த பல்லை அதன் இடத்தில் வைத்துக் கட்டுவதையும் குறிப்பிட்டார். 1728-இல் நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார் பற்களைத் திரும்பப் பொருத்திய அனுபவங்களைப் பதிவு செய்தார். லண்டனில் ஜான் ஹன்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் பதித்து, அது அங்கே ஒட்டிக்கொண்டதைக் காட்டினார். அந்த மாதிரி இன்றும் லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1771-லும் 1778-லும் வந்த அவருடைய பல் நூல்கள் இந்த முறைக்குப் பெரும் மதிப்பைத் தேடித்தந்தன. விளைவு கொடுமையானது. ஏழைச் சிறுவர் சிறுமியரின் ஆரோக்கியமான பற்களைக் காசு கொடுத்துப் பிடுங்கிப் பணக்காரர்களின் வாயில் பொருத்தும் வழக்கம் பரவியது. தாமஸ் ரோலண்ட்சன் 1787-இல் இதைக் கேலிச்சித்திரமாகவே வரைந்தார். நோய்த்தொற்று அச்சமும் சேர்ந்து, வழக்கம் மெல்லத் தேய்ந்தது.

இவர்கள் எல்லோரும் பார்த்தது ஒன்றே: பல் ஒட்டிக்கொள்கிறது. ஆடாமல் நின்றால் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அது தவறு. கெட்டியாக ஒட்டிய பல் ஆறாத பல்லாகவும் இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரேயும் நுண்ணோக்கியும் தேவைப்பட்டன. ஆன்ட்ரியாசெனின் ஆயுள் முழுவதையும் இந்த வேறுபாடுதான் எடுத்துக்கொண்டது. கோபன்ஹேகனின் ரிக்ஸ்ஹாஸ்பிடலெட் என்ற பல்கலைக்கழக மருத்துவமனையில் அடிபட்ட பற்களோடு வந்தவர்களை அவர் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார். 2020-இல் அவர் மறைந்தபோது, பல் விபத்து மருத்துவம் என்ற துறையே பெரிதும் அவர் போட்ட அடித்தளத்தில் நின்றிருந்தது.

நல்லபடியாக ஆறும் பல்லில் என்ன நடக்கிறது? வேரிலிருக்கும் பாதிப் படலமும் குழியிலிருக்கும் பாதிப் படலமும் நடுவே உறைந்த ரத்தத்தோடு ஒன்றையொன்று தொடுகின்றன. மூன்று நான்கு நாளில் குழிப் பக்கத்திலிருந்து புதிய நுண்குழாய்கள் அந்த இடைவெளியைக் கடக்கத் தொடங்குகின்றன. ஒரு வாரத்தில் ஈறு பல்லின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. அறுந்த ஈறு நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இதனால் வெளியிலிருந்து கிருமி உள்ளே இறங்கும் வழி அடைபடுகிறது. இரண்டு வாரத்தில் படலத்தின் நார்கள் இணைந்து, பழைய வலுவில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிடுகின்றன. சில நிமிடம் முன்பு தரையில் கிடந்த ஒரு திசு இரண்டே வாரத்தில் மெல்லும் பாரத்தைத் தாங்கத் தொடங்குகிறது என்பது உடலின் ஆறும் திறமைக்கு நான் அறிந்த அழகான சான்றுகளில் ஒன்று. ஆனால் இதற்கு இரண்டு பாதியும் உயிரோடு இருந்தாக வேண்டும்.

உயிர் முழுதாக இல்லாதபோது மூன்று வழிகள் இருப்பதை ஆன்ட்ரியாசென் நுண்ணோக்கியில் பிரித்துக் காட்டினார். வேரின் மேல் அங்கங்கே சிறு சிராய்ப்புகள் மட்டும் இருந்தால், கரைக்கும் செல்கள் அந்த இடங்களைச் சுத்தம் செய்கின்றன. பிறகு சுற்றியுள்ள நல்ல செல்கள் புதுச் சிமென்டத்தால் பள்ளத்தை மூடிவிடுகின்றன. தானாக நிற்கும் இந்த மேற்பரப்புக் கரைவால் பல்லுக்குத் தீங்கில்லை.

இரண்டாவது வழி அவசரமானது. பல் கழன்றபோதே உள்ளே இருக்கும் பற்கூழின் ரத்தக் குழாய் அறுந்துவிடுகிறது. செத்த பற்கூழில் கிருமி குடியேறுகிறது. டென்டைனில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் வேரின் உள்ளிருந்து வெளிநோக்கி ஓடுகின்றன. வெளியே சிமென்டம் சிதைந்த இடத்தில் இந்தக் குழல்கள் திறந்துகொள்ள, உள்ளிருக்கும் கிருமிகளின் நச்சு வெளியே கசிந்து அழற்சியைக் கிளப்புகிறது. கரைக்கும் செல்கள் வெறிகொண்டு வேரைத் தின்கின்றன. குழந்தைகளில் சில மாதத்திலேயே வேர் காணாமல் போகும். நல்ல செய்தி, இதை நிறுத்தலாம். ஸ்டாக்ஹோமில் மியோமிர் ஸ்வெக் செய்த பணிகள் இதற்கு வழி காட்டின: செத்த பற்கூழை எடுத்து, வேர்க் குழாயைச் சுத்தம் செய்து, கால்சியம் ஹைட்ராக்சைடு இட்டால் கரைவு நின்றுபோகிறது. இன்று வேர் முழுதாக வளர்ந்த பல்லுக்கு, மறுநடவு செய்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். பல் நன்றாகத்தானே இருக்கிறது, வலியில்லையே என்று பெற்றோர் இந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடுவது உண்டு. அந்தத் தள்ளிப்போடலில் பல் போகிறது.

மூன்றாவது வழியை நிறுத்த மருந்தில்லை. வேரின் மேல் பரந்த பகுதியில் படலம் செத்திருந்தால், காலியான இடத்துக்குள் எலும்பு வளர்ந்து வந்து வேரைத் தொடுகிறது. நடுவில் இருந்த நார் போய், பல்லும் தாடையும் ஒரே துண்டாகிவிடுகின்றன. மருத்துவர்கள் ஆங்கிலோசிஸ் என்று சொல்லும் நிலை இதுதான். பல் துளியும் ஆடாது. கருவியின் பிடியால் லேசாகத் தட்டினால் பக்கத்துப் பல்லிலிருந்து வேறுபட்ட உயர்ந்த, உலோகம்போன்ற ஒலி கேட்கும். ஹன்டர் காலத்தில் இதை முழு வெற்றி என்று கொண்டாடியிருப்பார்கள். ஆனால் எலும்பின் பகுதியாகிவிட்ட வேர், எலும்பைப் போலவே கரைந்து புதுப்பிக்கப்படத் தொடங்குகிறது. கரைந்த டென்டைனின் இடத்தில் எலும்பு வருகிறது. கடைசியில் வேர் முழுவதும் எலும்பாகி, மேல்பகுதி மட்டும் ஒருநாள் உடைந்து விழுகிறது. எலும்பு வேகமாகப் புதுப்பிக்கப்படும் சிறுவர்களுக்கு இது சில ஆண்டுகளில் முடிந்துவிடும். பெரியவர்களில் பத்து, இருபது ஆண்டுகள்கூட இழுத்துக்கொண்டு போகும்.

1995-இல் ஆன்ட்ரியாசென் குழு 322 பேரின் 400 மறுநடவுப் பற்களின் கணக்கை நான்கு கட்டுரைகளாக வெளியிட்டது. சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் பின்தொடர்ந்திருந்தார்கள். ஈறு ஆறியது 93 சதவீதத்தில். நார்ப்படலம் சரியாக ஆறியது 24 சதவீதத்தில் மட்டும். அந்தக் காலத்துக்குள் 30 சதவீதப் பற்கள் எடுக்கப்பட்டுவிட்டன. இந்த 24 சதவீதத்தைப் பார்த்து மறுநடவே பயனற்றது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். 1966 கணக்கோடு சேர்த்துப் படித்தால், மிகப் பெரும்பாலான பற்கள் தாமதமாகவோ காய்ந்தோ வந்து சேர்ந்தன என்பதுதான் அதன் பொருள். நல்ல ஆஸ்பத்திரியும் உலகின் சிறந்த நிபுணரும் இருந்த கோபன்ஹேகனிலேயே நிலை இதுவென்றால், குறை சிகிச்சையில் இல்லை. சிகிச்சைக்கு முந்தைய நிமிடங்களில் இருக்கிறது.

அந்த நிமிடங்களில் பல் எதில் கிடக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வேரிலுள்ள செல்கள் உடல் திரவத்துக்குப் பழகியவை. அவற்றைச் சுற்றியுள்ள நீரில் உப்புச் செறிவு ஏறத்தாழ உடலில் இருக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். புளிப்போ காரமோ அதிகம் கூடாது. கிருமியும் குறைவாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் தண்ணீர் செல்லுக்குள் புகுந்து ஊதி, செல் வெடிக்கிறது. பல்லைச் சுத்தமாக வைப்பதாக நினைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு எடுத்துவருகிறவர் அறியாமல் செய்வது இதைத்தான். உமிழ்நீரிலும் உப்புச் செறிவு குறைவு, கிருமியோ அதிகம். ஆனாலும் காய்வதைவிட மேல். துணியிலோ டிஷ்யூ காகிதத்திலோ சுற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். காகிதம் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். காற்றில் காய்ந்த படலத்தில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலான செல்கள் செத்துவிடுகின்றன. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றே கொள்ளலாம்.

இங்கேதான் பால் வருகிறது. ஸ்வீடனில் லார்ஸ் புளோம்லோஃப் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாலையும் உமிழ்நீரையும் முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தார். பாலின் உப்புச் செறிவு உடல் திரவத்துக்கு நெருக்கமானது. புளிப்பும் காரமும் ஏறத்தாழச் சமநிலையில் இருக்கின்றன. பதப்படுத்திய பாலில் கிருமியும் குறைவு. குளிர்ந்த பாலில் இட்ட பல்லின் செல்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கின்றன. எந்தத் தெருவிலும் டீக்கடை இருக்கிற ஊர்களில் வாழ்கிறோம். பாக்கெட் பால் கிடைக்காத இடம் அரிது. காய்ச்சிய சூட்டோடு இருக்கும் பால் கூடாது, ஆறிய பாலோ குளிர்ந்த பாலோ வேண்டும். தயிரும் மோரும் புளித்தவை, அவை உதவா. ஒன்றை மறக்கக் கூடாது: பால் செத்த செல்லை எழுப்பாது. ஒரு மணி நேரம் காயவிட்டுப் பிறகு பாலில் போட்டுப் பயனில்லை. முதல் ஐந்து பத்து நிமிடத்துக்குள் பாலில் விழுந்தால்தான் அது நேரத்தை நீட்டித் தரும்.

செல் வளர்ப்பு ஆய்வகங்களில் பயன்படும் ஹாங்க்ஸ் உப்புக் கரைசல் பாலைவிட நெடுநேரம் தாங்கும். அமெரிக்காவில் இந்தக் கரைசல் நிறைத்த சிறு புட்டிகள் விற்கின்றன. ஜெர்மனியில் செல் வளர்ப்புத் திரவம் உள்ள பல் மீட்புப் பெட்டியைப் பல பள்ளிக்கூடங்கள் முதலுதவிப் பெட்டியோடு சேர்த்து வைத்திருக்கின்றன. நமக்கு நெருக்கமான ஒரு சோதனை சென்னையில் நடந்தது. வி. கோபிகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இளநீர், தேனீப் பிசின், ஹாங்க்ஸ் கரைசல், பால் ஆகியவற்றில் வைத்த பற்களில் எவ்வளவு செல்கள் உயிரோடு மிஞ்சின என்று எண்ணிப் பார்த்தார்கள். இளநீர் முதலிடம் பெற்றது. நம் ஊர்ப் பொருள் என்பதால் இந்தச் செய்தி பரவலாக மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்லப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே பிரேசிலிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், புளிப்புத் தன்மையை மாற்றாத இளநீர் பாலுக்குப் பின்தங்கியது. இளநீர் இயல்பில் அமிலச் சார்புள்ளது என்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். சர்வதேசப் பல் விபத்துச் சங்கத்தின் 2020 வழிகாட்டலில் பால், ஹாங்க்ஸ் கரைசல், உமிழ்நீர், சலைன் என்ற வரிசைதான் இருக்கிறது. இளநீர் அதில் இல்லை. தோப்பில் விழுந்த பிள்ளைக்கு வேறெதுவும் கிடைக்காதபோது, காயவிடுவதைவிட இளநீரில் போடுவது நல்லது என்பேன். பால் இருக்கும்போது பால்தான்.

எல்லாத் திரவத்தையும் மிஞ்சியது பல்லின் சொந்தக் குழி. விழுந்த இடத்திலேயே பல்லைத் திரும்ப வைப்பதுதான் முதல் தேர்வு. அந்த வழிகாட்டல் மருத்துவரல்லாதவர்களையும் அதைச் செய்யச் சொல்கிறது. பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரை விரல் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக அலச வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில விநாடி காட்டினால் போதும். தேய்க்கக் கூடாது, சோப்பு கூடாது, துணியால் துடைக்கக் கூடாது. பல்லின் முன்பக்கம் உதட்டைப் பார்க்கும்படி திருப்பி, குழிக்குள் மெதுவாக அழுத்தினால் உள்ளே போய்விடும். பிறகு மடித்த கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிவிட்டுப் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். சற்றுக் கோணலாகப் போனாலும் பரவாயில்லை, மருத்துவர் சரிசெய்துகொள்வார். பிள்ளைக்கு நினைவு தப்பியிருந்தாலோ, தலையில் பலத்த அடி பட்டிருந்தாலோ பல்லைப் பற்றிய கவலை அப்புறம், முதலில் உயிர். தீவிர இதய நோயோ, நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த நிலையோ இருந்தாலும் தாமாக வைக்காமல் மருத்துவரிடம் விடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை இதற்கு நேர் எதிரானது. விழுந்தது பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கவே கூடாது. அதன் வேருக்கு அருகே நிரந்தரப் பல்லின் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது. அழுத்தமும் தொற்றும் அந்த முளையைக் கெடுத்துவிடும். மேல் முன்பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் மாறுகின்றன. எந்தப் பல் என்று குழப்பமாக இருந்தால் பாலில் போட்டு எடுத்துச் செல்வதே பாதுகாப்பு.

மருத்துவரிடம் சேர்ந்தபின் பல்லை அடுத்த பற்களோடு இணைத்து ஸ்ப்ளின்ட் போடுவார்கள். அசையாமல் கெட்டியாகக் கட்டினால்தானே ஒட்டும் என்பது எல்லோருக்கும் தோன்றுவது. நெடுங்காலம் மருத்துவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆன்ட்ரியாசென் 1970-களில் குரங்குகளில் செய்த சோதனை அதைத் தலைகீழாக்கியது. கெட்டியாக, நெடுநாள் கட்டிய பற்களில்தான் எலும்போடு ஒட்டிப்போவது கூடுதலாக இருந்தது. கடினமான உணவைக் கடித்த குரங்குகளில் அது குறைந்தது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1985-இல் காட்டினார்கள். சிறு அசைவு இருந்தால் இடையில் எலும்புப் பாலம் அமையத் தடையாகிறது. ஆகவே இன்று 0.4 மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய கம்பியோ, நைலான் தூண்டில் நரம்போ போதும் என்கிறார்கள். அதுவும் இரண்டு வாரத்துக்கு. தாடை எலும்பு உடைந்திருந்தால் மட்டும் நான்கு வாரம். கூடவே நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை, தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசி, மென்மையான உணவு, மென்மையான பிரஷ்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகம் கழன்று விழுவது மேல்வரிசையின் நடு முன்பற்கள். அதிகம் விழும் வயதும் இதுதான். அப்போது வேர் முழு நீளம் வளர்ந்திருக்காது, எலும்பு இளக்கமாக இருக்கும், அடி பட்டால் பல் உடைவதைவிட முழுதாக வெளியே வருவது எளிது. இந்த முதிராத பல்லுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. வேரின் நுனி அகலத் திறந்திருப்பதால் புதிய ரத்தக் குழாய்கள் நேரே உள்ளே ஏற முடியும். நான்கு நாளில் தொடங்கி நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில் அவை ஏறுகின்றன. முப்பது நாற்பது நாளில் பற்கூழ் மறுபடி உயிர்பெறலாம். 400 பற்களின் ஆய்வில் இப்படி வாய்ப்புள்ளவையாக இருந்த 94 பற்களில் 34 சதவீதத்தில் பற்கூழ் பிழைத்தது. அதனால் இத்தகைய பல்லுக்கு உடனே வேர் சிகிச்சை செய்யாமல் காத்திருந்து பார்க்கிறார்கள். தொற்றின் அறிகுறி தெரிந்தால் உடனே இறங்க வேண்டும் என்பதால், முதல் மாதங்களில் அடிக்கடி எக்ஸ்ரே தேவை.

அதே வயதுக்குப் பெரிய ஆபத்தும் காத்திருக்கிறது. எலும்போடு ஒட்டிப்போன பல் அதன்பின் கீழிறங்காது. பிள்ளையின் தாடை வளர்கிறது, பக்கத்துப் பற்கள் வளர்ச்சியோடு இறங்குகின்றன; ஒட்டிய பல் மட்டும் அங்கேயே நிற்க, ஆண்டுக்காண்டு அது மேலே ஏறிப்போனதுபோல் தெரியும். சுற்றியுள்ள எலும்பும் அங்கே வளராமல் பள்ளமாகிறது. பக்கத்துப் பற்கள் அதன்மேல் சாய்கின்றன. இதற்கு 1984-இல் ஸ்வீடனில் பார்ப்ரோ மால்ம்கிரென் குழுவினர் விவரித்த தீர்வு துணிச்சலானது. பல்லைப் பிடுங்கினால் எலும்பும் சேர்ந்து போய்விடும். ஆகவே மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கரைந்துகொண்டிருக்கும் வேரை எலும்புக்குள்ளேயே விட்டு ஈறால் மூடிவிடுகிறார்கள். வேர் மெல்ல எலும்பாகிறது. அதன் மேலே புது எலும்பும் வளர்கிறது. வளர்ச்சி முடிந்தபின் இம்ப்ளான்ட் வைக்க அகலமான தாடை மிஞ்சுகிறது. முன்கடைவாய்ப் பற்களில் ஒன்றை எடுத்து முன்வரிசையில் நடும் முறையும் நார்வேயில் 1970-களிலிருந்தே வளர்ந்து வந்திருக்கிறது. சரியான வயதில் செய்தால் நார்ப்படலத்தோடு சேர்ந்தே நடப்படும் அந்தப் பல், தாடையோடு வளர்கிறது.

இதை வைத்துத்தான் தாமதமாக வந்த பல்லைப் பற்றிய கேள்விக்கும் விடை சொல்ல முடியும். ஒரு மணி நேரத்துக்குமேல் காய்ந்துவிட்டது, எப்படியும் கரையப்போகிறது, எதற்கு வைப்பது என்று சொல்லித் தூக்கிப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்வதேச வழிகாட்டல் அப்படிச் சொல்லவில்லை. நானும் அதன் பக்கம்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இம்ப்ளான்ட் வைக்க முடியாது. வளர்ச்சி முடிய இன்னும் எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். அதுவரை பிள்ளையின் சொந்தப் பல், கரைந்துகொண்டே இருந்தாலும், அந்த இடத்தின் எலும்பைக் காத்து நிற்கிறது. பள்ளியில் வாய் திறந்து சிரிக்கவும் பேசவும் அது உதவுகிறது. ஆறவில்லை என்று எக்ஸ்ரே சொல்லும் ஒரு பல், பிள்ளையின் வாழ்க்கையில் மிகத் தேவையான ஆண்டுகளைக் கடத்திக் கொடுத்துவிடலாம். கரைவைத் தடுக்க ஃபுளோரைடில் ஊறவைத்தார்கள், எனாமல் புரதப் பசை தடவிப் பார்த்தார்கள். ஆன்ட்ரியாசென் தாமே அந்தப் பசையைச் சோதித்து, 2005-இல் அது பயன் தரவில்லை என்று எழுதினார். செத்த படலத்துக்கு மாற்று இன்றுவரை கிடைக்கவில்லை.

மறுநடவு செய்த பல்லை இரண்டு வாரம், நான்கு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்றும், பிறகு குறைந்தது ஐந்து ஆண்டு வரை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இதைப் பெற்றோர் கைவிடாமல் செய்ய வேண்டும். கரைவு வலியில்லாமல்தான் நடக்கும்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியின் முதலுதவிப் பெட்டிக்கு மேலே நான்கு வரி எழுதி ஒட்டுங்கள்: நிரந்தரப் பல் விழுந்தால் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். வேரைத் தேய்க்காதீர்கள். முடிந்தால் குழியிலேயே திரும்ப வையுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அருகிலுள்ள பல் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் அதன் கீழேயே எழுதிவையுங்கள்.